புழக்கத்தில் பிழைத்த வெளிகள்

ஆண்டுக்கு இரண்டு மாலைகளில் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையத்தில் சுமார் ஐந்து மணி நேரம் விமானம் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை. பங்குனி, ஐப்பசி உற்சவங்களின் நிறைவு நாளில் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. யானை, வாளேந்திய அரச குடும்பத் தலைவர், தோளில் சுமந்துவரும் வாகனங்கள், கூடவே வேட்டி கட்டிய கூட்டம். விமானிகளுக்கு அறிவிப்பு முன்கூட்டியே போய்விடும். 1932-ல் அங்கே விமானத்தளம் வந்தபோது ஊர்வலத்தின் வழி ஏற்கெனவே இருந்தது. தளம் விரிந்து வழியை விழுங்கியது, நடை நிற்கவில்லை. 2021 அக்டோபரில் நிலையம் அதானி குழுமத்தின் கைக்குப் போன பிறகும் நிற்கவில்லை.

இதை ஒரு வினோதச் செய்தியாகப் படித்து நகர்ந்துவிடுவது வழக்கம். நகரத்தின் திறந்த நிலங்களைப் பற்றி யோசிக்கிறவருக்கு இதில் வேறொன்று கிடைக்கும். வேலியும் காவலும் பாதுகாப்புச் சட்டமும் சூழ்ந்த ஒரு நிலத்தின் குறுக்கே பொதுவழி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்த வரைபடமும் அதைக் காப்பாற்றவில்லை. ஆண்டு தவறாமல் ஒரு கூட்டம் வந்து நடந்ததுதான் காப்பாற்றியது. அந்தக் கூட்டத்துக்கு அரண்மனையும் கோயிலும் துணை நின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படித் துணை இல்லாதவர்கள் இதே ஊரில் ஒரு தெருவில் நடப்பதற்கே அடிபட வேண்டியிருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

திருவனந்தபுரத்தின் மைதானம், பூங்கா, குளம், கடற்கரை, நடைபாதை ஆகியவற்றில் எது தங்கியது, எது போனது என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. திரும்பத் திரும்ப வந்து ‘இது எங்களுடையது’ என்று உட்காரும் ஆட்கள் இருந்த இடங்கள் பெரும்பாலும் தங்கின. அழகாக வரைந்து, செலவழித்துக் கட்டி, புழங்க ஆளில்லாமல் விட்ட இடங்கள் பூட்டுக்கும் டிக்கெட்டுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் போயின. வடிவமைப்பும் சட்டமும் முக்கியம்தான். ஆனால் அவை புழக்கத்துக்குப் பின்னால் வருகிறவை என்பது என் கணிப்பு.

இந்த நகரத்துக்கு நடு மைதானம் கிடையாது. திருச்சூருக்குப் போனால் வடக்குநாதர் கோயிலைச் சுற்றி சுமார் 65 ஏக்கரில் தேக்கின்காடு மைதானம் விரிந்து கிடக்கும். ஊரே அதைச் சுற்றி வட்டமிடுகிறது. கோழிக்கோட்டுக்கு மானாஞ்சிறையும் கடற்கரையும் உண்டு. திருவனந்தபுரம் குன்றும் பள்ளமுமான ஊர். குன்றுகளில் அரண்மனையும் அலுவலகமும் ஏறிக்கொண்டன. பள்ளங்களில் வயலும் ஓடையும் இருந்தன. இடைச்சரிவில் வீடுகள், ஒவ்வொன்றையும் சுற்றி மா, பலா, தென்னை, ஒரு கிணறு என்று தனித்தனித் தோட்டம். பசுமை வீட்டுக்குள்ளேயே இருந்ததால் பூங்கா என்று ஒன்று தனியாக வேண்டும் என யாருக்கும் தோன்றவில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்கள் இந்த ஊரைப் பார்த்து ‘எங்கும் பச்சை’ என்று வியப்பார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி தனியார் மதிலுக்கு உள்ளே இருக்கிறது என்பது உடனே கண்ணில் படாது. இன்று மதிலுக்குள்ளிருந்த தோட்டம் பாகம் பிரிந்து, மனையாகி, அடுக்குமாடியாகிறது. நிழல் தந்த பலா மரம் போன பிறகுதான் பொதுநிழல் எங்கே என்ற கேள்வி வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு சில இடங்களைப் பொதுமக்களுக்கென்று ஒதுக்கியது. 1857-ல் தொடங்கிய அருங்காட்சியகமும் அதையொட்டி வந்த மிருகக்காட்சிச் சாலையும் அவற்றில் முதன்மையானவை. பழைய கட்டடத்துக்குப் பதிலாகச் சென்னையின் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம் வடிவமைத்த கட்டடம் 1880-ல் முடிந்தது. சென்னை மாகாண ஆளுநர் நேப்பியரின் பெயர் அதற்கு. கட்டடத்தைவிட அதைச் சுற்றியுள்ள தோட்டம்தான் நகரவாசிக்கு நெருக்கம். விடியற்காலையில் நடக்கிறவர்கள், பெஞ்சில் நாளிதழ் விரித்திருக்கும் ஓய்வூதியர்கள், மாலையில் பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் குடும்பங்கள் என்று ஒரே நிலத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். நியூயார்க்கின் சிறு சதுக்கங்களை வருடக்கணக்கில் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், மனிதர்களை ஓரிடத்துக்கு இழுப்பது பெரும்பாலும் மற்ற மனிதர்கள்தான் என்று 1980-ல் வெளியான தன் நூலில் முடிவு சொன்னார். மியூசியம் வளாகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலே அதே முடிவுக்கு வந்திருப்பார்.

இனி அந்தத் தெருவின் கதை. திருவிதாங்கூரில் பொதுச்சாலை என்பது பெயரில் மட்டும் பொது. புலையர் உள்ளிட்ட சாதியினர் அதில் நடக்க முடியாது. 1893-ல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, மேல்சாதியினர் மட்டும் ஏறக்கூடிய வில்வண்டியை விலைக்கு வாங்கி, தலைப்பாகை கட்டி, அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அடுத்து வந்த நடைகளில் கைகலப்பு மூண்டது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காக 1924-ல் தொடங்கிய போராட்டமும் அதில் பெரியார் சிறை சென்றதும் தமிழ் வாசகருக்குத் தெரிந்தவை. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936-ல் வந்தது. நகரத் திட்டமிடல் நூல்களில் இந்த வரலாறு பெரும்பாலும் இருக்காது. சமூக சீர்திருத்தம் என்ற அத்தியாயத்தில் தனியே வைத்துவிடுவார்கள். கேரளத்தில் பொதுவெளி எப்படி உருவானது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேறு இல்லை. தோட்டங்களை அரசன் கொடுத்தான். தெருவை மக்கள் நடந்து எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளையம்பலம் சந்திப்பில் 1980-ல் இந்திரா காந்தி திறந்துவைத்த அய்யன்காளி சிலை நிற்கிறது. 2019 புத்தாண்டு நாளில் காசர்கோட்டிலிருந்து சுமார் 620 கிலோமீட்டருக்குப் பெண்கள் கைகோத்து நின்ற ‘வனிதா மதில்’ அந்தச் சிலையருகில்தான் முடிந்தது. ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய, அய்யன்காளி உறுப்பினராகப் பேசிய விக்டோரியா ஜூபிலி டவுன்ஹால் 2019 முதல் அவர் பெயரைச் சுமக்கிறது.

தெரு கைக்கு வந்த பிறகு அது எதற்குப் பயன்பட்டது என்று பார்க்கத் தலைமைச் செயலகத்தின் முன்வாசலுக்குப் போக வேண்டும். வில்லியம் பார்ட்டன் கட்டி 1869-ல் முடித்த வெள்ளைக் கட்டடம். எதிரே மகாத்மா காந்தி சாலை. இடையில் ஒரு நடைபாதை. நகரத்திலேயே அதிக வேலை செய்யும் பொதுவெளி அந்த நடைபாதைதான். அதன் அகலம் சில அடிகள். 2001-ல் சி.கே. ஜானுவின் தலைமையில் ஆதிவாசிகள் இங்கே குடில் கட்டிக் குடியேறி 48 நாட்கள் இருந்தார்கள். 2014-ல் அதே மக்கள் 162 நாட்கள் நின்றுகொண்டே போராடினார்கள். தம்பி போலீஸ் காவலில் இறந்ததற்கு நீதி கேட்டு ஓர் இளைஞர் 700 நாட்களுக்கு மேல் இங்கே கிடந்தார். 2025 பிப்ரவரியில் ஆஷா பணியாளர்கள் வந்து உட்கார்ந்து பல மாதங்கள் எழவில்லை. வெயிலுக்குத் தார்பாய், மழைக்கும் அதே தார்பாய். எந்தக் கட்டடக் கலைஞரும் வரையாத, எந்தத் துறையும் பராமரிக்க விரும்பாத இடம் இது. போராட்டக்காரர்களை நகருக்கு வெளியே ஒரு மைதானத்துக்கு அனுப்பலாம் என்ற யோசனை அவ்வப்போது எழும். பெங்களூருவின் பழைய மத்திய சிறை இடத்தில் அமைந்த ‘ஃப்ரீடம் பார்க்’ அப்படிப்பட்ட ஏற்பாடு. மெரினாவில் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பார்த்த பிறகு தமிழ்நாட்டு அரசுக்குக் கடற்கரையில் கூட்டம் என்றாலே கிலி. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அங்கே போராட்டத்துக்கு அனுமதி மறுத்தது. கொழும்பு காலிமுகத்திடலில் 2022-ல் நடந்ததை எண்ணினால் அந்தக் கிலிக்குக் காரணம் புரியும். அதிகாரத்தின் கண்ணில் படாத போராட்டத் திடல் வெறும் காலியிடம்.

இதற்கு மறுபக்கம் உண்டு. சாலை நடப்பவருக்கும் வண்டியில் போகிறவருக்கும் உரியது. சாலையோரப் பொதுக்கூட்டங்களுக்கு 2010 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அரசியல் கட்சிகள் கொதித்தன. 2011-ல் சட்டமன்றம் பொதுவழிகளில் கூட்டங்களை முறைப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அதன் பிறகும் 2024 டிசம்பரில் வஞ்சியூரில் சிபிஎம் கட்சி மாநாட்டுக்குச் சாலையின் மேலேயே மேடை எழுந்தது, நீதிமன்றம் கடிந்துகொண்டது. ஆளும் கட்சி சாலையை அடைப்பதையும், கேட்க ஆளில்லாதவர்கள் நடைபாதையில் உட்காருவதையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதலாமவருக்கு வாடகைக்கு மண்டபம் பிடிக்க வசதி இருக்கிறது.

ஆற்றுக்கால் பொங்காலையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் கிள்ளியாற்றங்கரையில் தங்கினாள் என்பது தலபுராணம். விழா நாட்களில் பாடப்படும் தோற்றம்பாட்டு அவள் கதைதான். பாண்டியன் வீழும் பகுதி பாடி முடிந்ததும் அடுப்பு மூட்டப்படும். கும்ப மாதத்துப் பூர நாளன்று, கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு தெருவிலும் பெண்கள் மூன்று செங்கல் வைத்து மண்பானை ஏற்றுகிறார்கள். கின்னஸ் புத்தகம் 1997-ல் 15 லட்சம் பேர் என்றும் 2009-ல் 25 லட்சம் பேர் என்றும் பதிவு செய்தது. கிழக்கேகோட்டை, தம்பானூர், தலைமைச் செயலக வாசல் எல்லாம் அன்று அடுக்களை. முந்தின நாளே வந்து செங்கல் வைத்து இடம் பிடிக்கிறார்கள். அந்தச் செங்கல்லை யாரும் நகர்த்துவதில்லை. வீட்டுக்காரர்கள் முன்பின் தெரியாத பெண்களுக்குக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறார்கள். மசூதியும் தேவாலயமும் தண்ணீர் கொடுக்கின்றன. மாலையில் மாநகராட்சித் தொழிலாளர்கள் இறங்கி விடிவதற்குள் நகரத்தைக் கழுவிவிடுகிறார்கள். மிச்சமான செங்கற்களைச் சேகரித்து ஏழைகளின் வீட்டுத் திட்டத்துக்கு மாநகராட்சி கொடுத்து வருகிறது.

வழக்கமாக ஆண்களும் வண்டிகளும் ஆளும் தெருவில் பெண்கள் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பேசிச் சிரித்து, சமைக்கிறார்கள். பக்தி என்ற ஒரு சொல்லால் இதை மூடிவிட முடியாது. ஆனால் மறுநாள் இரவு அதே தெருவில் அதே பெண் தனியாக நடக்க முடியுமா? கேரள அரசின் மகளிர் நலத்துறை 2019 டிசம்பர் 29 இரவு, பொது இடம் எனக்கும் உரியது என்ற முழக்கத்தோடு, மாநிலம் முழுவதும் பெண்களை இரவு நடைக்கு அழைத்தது. அப்படி ஓர் இரவை அறிவிக்க வேண்டியிருந்ததே நிலைமையைக் காட்டுகிறது. 2022 அக்டோபரில் மியூசியம் பகுதியில் அதிகாலை நடைக்கு வந்த ஒரு பெண் தாக்கப்பட்டார். அதற்குப் பிறகு விளக்கும் கேமராவும் பேசப்பட்டன. பொங்காலையன்று தெருவைப் பாதுகாப்பாக்குவது கேமரா அல்ல, பெண்களின் எண்ணிக்கை என்பதை யாரும் எடுத்துச் சொன்னதாக நினைவில்லை.

இப்படிப் புழக்கம் உரிமையாக உறைவது நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டை நிலவுடைமையாளர்கள் வேலி போட்டு எடுத்துக்கொள்ள முயன்றபோது, லௌட்டன் கிராமத்துக் கூலிக்காரர் தாமஸ் வில்லிங்கேல், குளிர்காலத்தில் விறகுக்குக் கிளை வெட்டும் பழைய வழக்கத்தை விடாமல் தொடர்ந்து வழக்கில் சிக்கினார். அந்த விறகு வழக்குகளில் தொடங்கியது 1878-ல் எப்பிங் காட்டுச் சட்டமாக முடிந்து, காடு இன்றும் பொதுவாக இருக்கிறது. இந்தியாவில் 1991-ல் உச்ச நீதிமன்றம் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில், பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றது. அந்த வழக்கும் பக்கத்துத் தெருக்காரர்கள் போட்டதுதான். சட்டம் இருந்தால் போதுமே என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டின் ஓ.எஸ்.ஆர். நிலங்களைப் போய்ப் பார்க்கலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு விட வேண்டும் என்ற நல்ல விதி அது. விட்ட நிலத்தில் பலவற்றைச் சுற்றி வேலியும், உள்ளே புதரும், ஒரு தண்ணீர் தொட்டியும் நிற்கும். குழந்தைகள் விளையாடத் தொடங்கிய மனைகள் மட்டும் பூங்காவாகின்றன.

புழக்கமா, திட்டமா என்ற கேள்வி முழுவதும் கிழக்கேகோட்டையின் புத்தரிக்கண்டம் மைதானத்தில் அடங்கியிருக்கிறது. கோயிலுக்குப் புத்தரிசி விளைந்த வயல் அது. நகரம் வளர்ந்தபோது வயல் காய்ந்து மைதானமாகி, மாநகராட்சியிடம் வந்தது. கண்காட்சி, சர்க்கஸ், பொதுக்கூட்டம், ஓணச் சந்தை என்று பல தலைமுறை அங்கே மண்ணை மிதித்திருக்கிறது. முன்னாள் முதல்வர் ஈ.கே. நாயனாரின் பெயரில் ஒரு பூங்கா அதற்குள் வந்தது. 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருவனந்தபுரம் இடம்பெற்ற பிறகு திறந்தவெளி அரங்கு, நடைபாதை, அலங்கார விளக்கு என்று வேலைகள் நடந்தன. கிழக்கேகோட்டையில் வண்டி நிறுத்த இடம் தேடும் ஒவ்வொரு திட்டத்தின் கண்ணும் இந்த நிலத்தின் மேல்தான் விழுகிறது. நான்கு பக்கமும் பேருந்து, கடை, கோயில் கூட்டம் நெருக்கும் இடத்தில் ஒரு வெற்றுத் தரை இருந்தால் அது வீணாகக் கிடப்பதாகத்தான் பொறியாளருக்குத் தோன்றும். மைதானத்தின் பலமே அது எதற்கும் கட்டப்படாமல் இருப்பதில் இருக்கிறது. இன்று சர்க்கஸ், நாளை மாநாடு, மறுநாள் பொங்காலைக்கு வந்தவர்களின் படுக்கை. படிக்கட்டு அரங்கு கட்டிவிட்டால் அது அரங்கு மட்டும்தான்.

மைதானத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் காந்தி பூங்காவை யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் மாலையில் அங்கே ஏதாவது ஒரு கட்சியின் ஒலிபெருக்கி கேட்காத நாள் குறைவு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அந்த அங்காடியில் தமிழ் வணிகர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சுமை தூக்குபவரும், பொறுக்கித் திரிபவரும், மூட்டையின் மேல் தூங்குபவரும் அந்தத் தெருவை வீட்டு முற்றமாகவே வைத்திருந்தார்கள். இன்று நடைபாதையை ‘மேம்படுத்த’ வரும் திட்டங்கள் அந்த ஆட்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

கனகக்குன்னு வேறு வகை. ஸ்ரீமூலம் திருநாள் கட்டிய அரண்மனையும் மரங்கள் நிறைந்த குன்றும் இப்போது சுற்றுலாத் துறையின் வசம். நிசாகந்தி அரங்கில் நடன விழா, ஓணம் வார விளக்குகள், டிசம்பரில் மலர்க் கண்காட்சி என்று ஆண்டு முழுவதும் ஏதாவது உண்டு. நகரத்தின் நல்ல மாலைகளில் சில அங்கேதான் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விழா நடக்கும் நாட்களில் தடுப்பும் கட்டண வாசலும் வருகின்றன. விழா நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. நிலத்தை விற்காமலே அதைப் பொதுவிலிருந்து எடுக்க இது ஒரு வழி. சும்மா உட்கார வந்தவருக்கு அங்கே நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லூலூ மால் திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே போய்விட்டது. குளிர்பதனம், சுத்தமான கழிப்பறை, காவல். ஏன் போகிறார்கள் என்று கோபப்படுவதில் பயனில்லை; பூங்காவில் கழிப்பறை பூட்டியிருக்கிறது.

மானவீயம் வீதியின் கதை சிறியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், ஓவியர்கள் ஒரு சிறு தெருவில் மாலைகளில் கூடினார்கள். மரத்தடியில் கவிதை, சுவரில் ஓவியம், பிறகு வயலார் ராமவர்மாவின் சிலை. அரசு அதைக் கண்டுகொண்டு, சீரமைத்து, 2023-ல் இரவு வாழ்க்கைக்கான தெரு என்று அறிவித்தது. சில நாட்களிலேயே அடிதடி, பிறகு போலீஸ் கெடுபிடி, நேரக் கட்டுப்பாடு. தானாக வந்த கூட்டத்தின் ஒழுங்கை அழைத்து வந்த கூட்டத்திடம் எதிர்பார்த்தது யார் தவறு?

வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டியவை நிழல், உட்கார ஒரு திண்டு, குடிநீர், திறந்திருக்கும் கழிப்பறை, தண்ணீரை உறிஞ்சும் தரை. இரண்டு பருவமழையும் கொட்டும் ஊரில் மைதானத்தையும் மரத்தடியையும் இன்டர்லாக் கல்லால் மூடுவது, பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்புவதற்குச் சமம். உள்ளூரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. லாரி பேக்கர் 1970களில் நகரின் ‘உள்ளூர்’ என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டியபோது சரிவை வெட்டிச் சமப்படுத்தவில்லை. மரத்தைச் சுற்றிச் சுவரை வளைத்தார். இன்று பூங்கா அமைக்க வருகிறவர்கள் முதலில் செய்வது நிலத்தை மட்டம் போடுவது. சுந்தர ராமசாமி 1966-ல் வெளியிட்ட ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் காற்றாடித் தோப்பை வெட்டிப் பூங்கா வைப்பார்கள். அந்தக் கதை நடக்கும் நாகர்கோவில் முன்பு திருவிதாங்கூரில்தான் இருந்தது. பழக்கம் அங்கிருந்தே வருகிறது போலும்.

ஓடைகளைப் பொதுவெளி என்று யாரும் எண்ணுவதில்லை. அதனாலேயே அவை செத்தன. ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில், 1820களில், வெட்டிய பார்வதி புத்தனாற்றில் ஒரு காலத்தில் படகு போனது. நகரின் நடுவே ஓடும் ஆமையிழஞ்சான் தோடு தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் மறைந்து மறுபுறம் எழுகிறது. 2015-ல் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மூழ்கியபோது ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் கால்வாய் ஆக்கிரமிப்புகளைப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் இடித்தார்கள். சில மாதங்கள் வேகம் இருந்தது. 2024 ஜூலை 13 அன்று ரயில் நிலையத்துக்கு அடியில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. குப்பை யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் அப்போது வாதிட்டுக்கொண்டிருந்தன. கரையில் குளிக்கவும் துவைக்கவும் நடக்கவும் ஆட்கள் இருந்த வரை ஓடைக்குக் கண் இருந்தது. வீடுகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக் கட்டப்பட்ட பின் அது சாக்கடை.

இவ்வளவு இடங்களையும் யார் ஆள்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். மியூசியம் ஒரு துறை, கனகக்குன்னு சுற்றுலா, மைதானம் மாநகராட்சி, சாலை பொதுப்பணித் துறை, கால்வாய் பாசனத் துறை, அடியில் ரயில்வே, கோயில் குளம் கோயில் நிர்வாகம், கடற்கரைக்குச் சுற்றுலாவும் துறைமுகமும். மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டி 2014-ல் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் ஆறாட்டின் வழியும் வராது, செயலக நடைபாதையும் வராது, பொங்காலைத் தெருவும் வராது. பூட்டிய பூங்கா முழுதாக வரும். 2040-ஐ நோக்கிய நகர முதன்மைத் திட்டம் நில வகைகளுக்கு நிறம் தீட்டுவதோடு நில்லாமல், எந்த நிலத்தை யார், எந்த மாதம், எந்த நேரத்தில், எதற்குப் புழங்குகிறார்கள் என்று ஒரு பதிவேட்டையும் இணைக்க வேண்டும். அது சட்டச் சான்றாக இருக்க வேண்டும். வார்டு சபையில் ஒரு மாலையில் எழுதிவிடக் கூடிய பட்டியல்தான். சாதியின் பெயரில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் அனுபவம் இருக்கும் ஊரில், பழைய வழக்கம் எல்லாம் உரிமை ஆகிவிடாது என்பதையும் அதே பதிவேட்டில் எழுத வேண்டும்.

இந்த வாதம் தடுமாறும் இடம் சங்குமுகம். அங்கே புழக்கத்துக்குக் குறைவே இல்லை. மாலைதோறும் குடும்பங்கள், ஆறாட்டு, வாவுபலி நாளின் தர்ப்பணக் கூட்டம், இரு பக்கமும் மீனவர் குடியிருப்பு. கானாயி குஞ்ஞிராமன் 1990களின் தொடக்கத்தில் முடித்த 87 அடி நீளச் சாகரகன்னிகை மணல் மேட்டில் சாய்ந்திருக்கிறாள்; 2020-ல் அவளருகே ஒரு பழைய ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, சிற்பியின் கண்டனத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கடற்கரையே தேய்கிறது. ஒக்கி புயலுக்குப் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் மணல் போனது. 2021 மே மாதம் டவ்-தே புயலில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையே இடிந்து விழுந்தது. விழிஞ்ஞம் துறைமுகப் பணிதான் காரணம் என்று மீனவர்கள் 2022-ல் மாதக்கணக்கில் போராடினார்கள். அரசும் துறைமுக நிறுவனமும் மறுத்தன. துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வீடிழந்த குடும்பங்கள் பல வலியதுறைக் கிடங்கில் வருடக்கணக்கில் தங்கின. சாலையை மட்டும் தரைக்கடியில் கான்கிரீட் சுவர் இறக்கி 2022 மார்ச்சில் திரும்பக் கட்டிவிட்டார்கள். கடலுக்கு எதிரே அந்தச் சாலைக்குக் காவல் உண்டு. அதன் மேற்கே படகு ஏற்றி, வலை உலர்த்தி, பந்து விளையாடிய மணலுக்கு எந்தத் துறையிடமும் கோப்பு இல்லை. அதைக் கேட்டுப் போராடுகிறவர்களின் குடியிருப்பும் அதோடு சேர்ந்தே கரைகிறது.